பற்பசை மீது சுமத்தப்பட்ட பழி

சிறு குழந்தைகளின் பல் துலக்கும் பசையில் புளோரைடு என்ற பொருள் இருக்கவே கூடாது என்னும் அபிப்பிராயம், பிள்ளைகளின் ஆரோக்கியத்தில் மிகுந்த சிரத்தையுள்ள படித்த குடும்பங்களுக்குள்ளே, கடந்த சில ஆண்டுகளில் ஆழமாக வேரூன்றிவிட்டது. கைப்பேசியில் ஒருவர் அனுப்பியதை மற்றொருவர் பத்துப் பேருக்கு அனுப்ப, பள்ளிக்கூட வாசலில் ஒரு தாய் சொன்னதை இன்னொரு தாய் தன் வீட்டுக்குக் கொண்டுபோக, வியாபாரிகள் அந்த அச்சத்தையே சரக்காக்கிப் ‘புளோரைடு அற்றது’ என்ற சொற்களை அட்டைப்பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் பொறித்து விற்க, இன்று அந்த அபிப்பிராயத்தை மறுத்துப் பேசுகிறவன் குழந்தைகளின்மீது இரக்கமற்றவன் என்று எண்ணப்படும் நிலைமை வந்திருக்கிறது. அவ்வாறு எண்ணப்படுவதைப் பொறுத்துக்கொண்டாவது இதை மறுக்கத்தான் வேண்டும் என்று நான் கருதுகிறேன். ஏனெனில் அந்த அச்சத்தின் விலையைக் கொடுப்பவர்கள் அதைப் பரப்புகிறவர்கள் அல்லர், இரவில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழும் மூன்று வயதும் நான்கு வயதுமான குழந்தைகளே.

எதிர்க்கட்சியின் வாதம் மூன்று படிகளாக அமைந்தது. புளோரைடு நஞ்சு என்பது முதற்படி. குழந்தை பற்பசையைத் துப்பாமல் விழுங்குகிறது என்பது இரண்டாவது. ஆகவே குழந்தைக்குப் புளோரைடு உள்ள பசையைக் கொடுக்கலாகாது என்பது மூன்றாவது. முதலிரண்டு படிகளிலும் மெய் இருக்கிறது என்பதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. அதிகமான புளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்கும் என்பது நிரூபிக்கப்பட்ட விஷயம், இரண்டு வயதுக் குழந்தைக்குத் துப்பத் தெரியாது என்பது குழந்தை வளர்த்த எவரும் அறிந்த விஷயம். ஆனால் இவ்விரண்டு மெய்களும் சேர்ந்து அந்த மூன்றாவது முடிவைப் பெற்றெடுக்கவில்லை. இடையிலே ‘எவ்வளவு’ என்ற கேள்வி ஒன்று கேட்கப்படாமலே விடப்பட்டிருக்கிறது. அதைக் கேட்டுவிட்டால் முடிவு தலைகீழாகப் புரண்டுவிடும்.

இந்த அச்சம் சூனியத்திலிருந்து பிறந்ததல்ல. அதன் வரலாறு நூறாண்டுக்கு மேற்பட்டது. அவ்வரலாற்றை முழுமையாக அறிந்தவன் அச்சத்தையும் அறிவான், அதன் எல்லையையும் அறிவான். 1901-ஆம் ஆண்டில் பிரெடெரிக் மெக்கே என்ற இளம் பல் வைத்தியர் அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊரிலே தொழில் தொடங்கியபோது, அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்தவர்களின் பற்களில் காவி நிறக் கறை படிந்திருப்பதைக் கண்டு திகைத்தார். பன்றி மாமிசத்தை அதிகமாக உண்பதால் வருவது என்றும், பால் தரங்கெட்டதால் வருவது என்றும் ஊரார் பலவாறு சொன்னார்கள். மெக்கே அவற்றால் திருப்தியடையாமல், அக்காலத்தில் பல் சாஸ்திரத்தில் பெரும்புகழ் பெற்றிருந்த ஜி. வி. பிளாக் என்பவரையும் துணைக்கு அழைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்காக ஆராய்ந்து இரண்டு உண்மைகளைக் கண்டுபிடித்தார். பற்கள் ஈறுக்குள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் குழந்தைப் பருவத்தில் அவ்வூரில் வாழ்ந்தவர்களுக்கு மட்டுமே கறை உண்டாகிறது, வளர்ந்தபின் குடிவந்தவர்களுக்கு உண்டாவதில்லை என்பது ஒன்று. அந்தக் கறைபட்ட பற்கள் ஆச்சரியகரமான முறையில் சொத்தையை எதிர்த்து நிற்கின்றன என்பது மற்றொன்று.

காரணம் தண்ணீரில் இருக்கிறது என்ற சந்தேகம் மெக்கேக்கு நாளடைவில் உறுதிப்பட்டது. 1923-இல் ஐடஹோ மாகாணத்து ஓக்லி என்ற சிற்றூரில், தூரத்து வெந்நீர் ஊற்றிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்த பிறகு குழந்தைகளின் பற்களில் கறை தோன்றுகிறது என்று தாய்மார்கள் முறையிட்டபோது, அந்தக் குழாயைக் கைவிட்டு வேறு ஊற்றை நாடுங்கள் என்று அவர் சொன்னார். அவர்கள் அவ்வாறே செய்ய, சில ஆண்டுகளில் புதிதாக முளைத்த பற்கள் மாசற்று முளைத்தன. தண்ணீரில் உள்ள எந்தப் பொருள் இதைச் செய்கிறது என்பது 1931-இல்தான் தெரிந்தது. ஆர்கன்சாஸ் மாகாணத்தில் அலுமினியக் கம்பெனி ஒன்றின் சுரங்க ஊராகிய பாக்சைட்டின் தண்ணீரைப் பரிசோதித்த எச். வி. சர்ச்சில் என்ற இரசாயன நிபுணர் அதில் மிகுதியான புளோரைடைக் கண்டார். பின்னர் டிரெண்ட்லி டீன் என்ற அரசாங்கப் பல் வைத்தியர் ஊர் ஊராகத் தண்ணீரையும் பற்களையும் ஒப்பிட்டு, ஒரு லிட்டரில் ஏறக்குறைய ஒரு மில்லிகிராம் இருந்தால் சொத்தை குறைகிறது, அருவருப்பான கறையும் உண்டாவதில்லை என்று அளவை வகுத்தார். நன்மையும் தீமையும் ஒரே பொருளில், ஒரே காலத்தில், ஒரே பற்களைப் பார்த்தே கண்டறியப்பட்டன என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும். ஒன்றைக் கூறி மற்றொன்றை மறைக்கிறவர் பாதி வரலாற்றையே கூறுகிறார்.

நம் பக்கத்திலும் இந்தத் தீமைக்குச் சான்று உண்டு. 1937-ஆம் ஆண்டிலேயே ஷார்ட் என்ற வைத்தியரும் அவருடைய சகாக்களும் அந்நாளைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் ஜில்லாக் கிராமங்களில், முதுகெலும்பு விறைத்துப்போய்க் குனிய முடியாமல் துன்புற்ற மனிதர்களைக் கண்டு, கிணற்றுத் தண்ணீரிலுள்ள புளோரைடே அதற்குக் காரணம் என்று எழுதினார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பழுப்புக் கோடுகள் விழுந்த பற்களை மறைத்துக்கொண்டு உதடு திறவாமல் சிரிக்கும் பிள்ளைகளை அவ்வூர்களுக்குப் போய் வந்தவர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். அந்தத் துன்பத்தைச் சிறிதென்று சொல்ல எனக்கு நா எழாது. ஆனால் கொலராடோ ஸ்பிரிங்ஸிலும் ஓக்லியிலும் நெல்லூரிலும் தருமபுரியிலும் குற்றவாளி யார்? பாறைகளினூடே ஊறிப் புளோரைடைக் கரைத்துக்கொண்டு வந்த நிலத்தடி நீரே. மெக்கே கறையைக் கண்ட நாளில் புளோரைடு கலந்த பற்பசை என்ற வஸ்து கடைகளிலேயே இல்லை. அது அமெரிக்கச் சந்தைக்குப் பெரிய அளவில் வந்தது 1950-களின் நடுவிலேதான். தண்ணீர் செய்த குற்றத்தைப் பற்பசையின் தலையில் கட்டுவது நியாயமாகாது.

இங்கே எதிர்க்கட்சியார் ஒரு கணக்கை எடுத்து வீசுவார்கள். தண்ணீரில் பத்து லட்சத்தில் ஒன்றரைப் பங்குக்கு மேல் புளோரைடு இருந்தால் ஆபத்து என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது; பற்பசையிலோ பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு இருக்கிறது; அதாவது ஆபத்தான தண்ணீரைக் காட்டிலும் அறுநூறு மடங்குக்கு மேற்பட்ட நஞ்சைக் குழந்தையின் வாயில் வைக்கிறீர்கள் என்பார்கள். கேட்டவர்கள் நடுங்கிப்போகிறார்கள். இந்த வாதத்தைக் காட்டிலும் ஜனங்களை அதிகமாக மயக்கிய வாதம் இவ்விஷயத்தில் வேறில்லை. ஆகையால் இதைச் சற்று நின்று பார்ப்போம். செறிவு வேறு, உட்கொள்ளும் அளவு வேறு. தண்ணீரைக் குழந்தை லிட்டர் கணக்கில் குடிக்கிறது. அதே தண்ணீரில்தான் அதன் சோறு வேகிறது, பருப்பு வேகிறது, பால்மாவு கரைகிறது. பற்பசையை எந்தக் குழந்தையும் லிட்டர் கணக்கில் உண்பதில்லை. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம் உள்ள தண்ணீரில் ஒரு லிட்டர் குடித்தால் ஒன்றரை மில்லிகிராம் புளோரைடு உடலுக்குள் செல்கிறது. ஒரு கிராம் பசைக்கு ஒரு மில்லிகிராம் என்ற கணக்கில் புளோரைடு உள்ள பற்பசையில் ஓர் அரிசி அளவு எடுத்தால், அதன் எடை ஏறக்குறைய கிராமில் பத்தில் ஒரு பங்கு. அதிலுள்ள புளோரைடு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு. காலையும் இரவும் துலக்கி, ஒரு துளியும் துப்பாமல் முழுவதையும் விழுங்கிவிட்டாலும் நாள் ஒன்றுக்கு 0.2 மில்லிகிராமுக்கு மேல் போகாது.

இந்த 0.2 எந்த எல்லைக்குள் அடங்குகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தை எல்லா வழிகளிலும் சேர்த்து நாளொன்றுக்கு உட்கொள்ளக்கூடிய உச்ச அளவு 1.3 மில்லிகிராம் என்று அமெரிக்க மருத்துவக் கழகம் 1997-இல் வரையறுத்தது. நான்கு முதல் எட்டு வயது வரை அது 2.2 மில்லிகிராம். அரிசி அளவுப் பசை முழுவதும் வயிற்றுக்குள் போனாலும் முதல் எல்லையில் ஆறில் ஒரு பங்கைக்கூடத் தொடுவதில்லை. மூன்று வயது கடந்த குழந்தைக்குப் பட்டாணி அளவு, அதாவது கால் கிராம், இருவேளையும் கொடுத்து அதுவும் முழுவதும் விழுங்கப்பட்டால் அரை மில்லிகிராம். அந்த வயதில் பெரும்பாலான பிள்ளைகள் ஒரு பகுதியையாவது துப்பக் கற்றுக்கொள்வதால் உள்ளே போவது அதற்கும் குறைவு. உள்ளதிலெல்லாம் மோசமான நிலைமையை வைத்துக்கொண்டே, குழந்தை எதையும் துப்பவில்லை என்று ஒப்புக்கொண்டே, இக்கணக்கைப் போட்டேன்.

இதே கணக்கு இன்னொரு பக்கமும் வெட்டும். விளம்பரப் படங்களில் காட்டுவதுபோல் பிரஷின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அலையலையாகப் பசையைப் பிதுக்கி வைத்தால் அதன் எடை ஏறக்குறைய ஒரு கிராம். இருவேளை அவ்வாறு வைத்து, இரண்டு வயதுக் குழந்தை முழுவதையும் விழுங்கினால் இரண்டு மில்லிகிராம் உள்ளே போகிறது. அது உச்ச எல்லையைத் தாண்டிய அளவு. பாதியை விழுங்கினாலும் ஒரு மில்லிகிராம். தண்ணீரிலிருந்தும் தேநீரிலிருந்தும் வருவதைச் சேர்த்தால் அதுவும் எல்லையை நெருங்கிவிடும். நிலையான முன்பற்களின் எனாமல் உருவாகும் காலமாகிய முதல் மூன்று ஆண்டுகளில் இது மாதக்கணக்காக நடந்தால், பின்னாளில் முளைக்கும் பற்களில் வெண்புள்ளிகளும் வெண்கீற்றுகளும் தோன்றக்கூடும். ஆகவே பெற்றோர் அஞ்சவேண்டியது பிரஷின்மேல் வைக்கப்படும் பசையின் நீளத்தைக் கண்டு. அந்த நீளத்தை ஒழுங்குபடுத்துவதை விட்டுவிட்டுப் பசையையே வீட்டைவிட்டு வெளியேற்றுவது, நோயைத் தவறாகக் கணித்து மருந்தையும் தவறாகக் கொடுத்த வைத்தியத்தை ஒக்கும்.

பற்பசைக் குழாய்களின் எச்சரிக்கை வாசகத்தையும் பலர் எடுத்துக் காட்டுகிறார்கள். துலக்குவதற்கு வேண்டிய அளவுக்கு மேல் விழுங்கிவிட்டால் உடனே வைத்திய உதவியை நாடவேண்டும் என்று 1997 முதல் அமெரிக்காவில் அச்சிடச் செய்திருக்கிறார்களே, நஞ்சில்லாவிட்டால் இந்த எச்சரிக்கை எதற்கு என்கிறார்கள். அந்த வாசகத்தைப் பொறுமையாகப் படித்தாலே பதில் கிடைத்துவிடும்: ‘துலக்குவதற்கு வேண்டிய அளவுக்கு மேல்’ என்றுதான் அது சொல்கிறது. கடுமையான விஷக்குறிகள் தோன்றக்கூடும் என்று வைத்தியர்கள் கருதும் அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஐந்து மில்லிகிராம். பன்னிரண்டு கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது அறுபது மில்லிகிராம். அதை அடைய அறுபது கிராம் பசையை, நூறு கிராம் குழாயில் பாதிக்கு மேல், ஒரே தடவையில் தின்னவேண்டும். அதற்குக் குறைவாகத் தின்றாலும் வயிற்றுவலியும் வாந்தியும் வரலாம். உடனே பால் கொடுத்தால் அதிலுள்ள கால்சியம் புளோரைடைப் பற்றிக்கொள்ளும், அதன்பின் தாமதமின்றி வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். குழந்தையின் கைக்கு எட்டும் இடத்தில் பற்பசைக் குழாயை வைக்கலாகாது என்பதுதான் இந்த எச்சரிக்கையின் பொருள். காய்ச்சல் மருந்துப் புட்டியிலும் இதே எச்சரிக்கை இருக்கிறது. அதற்காகக் காய்ச்சலில் துடிக்கும் குழந்தைக்கு மருந்து மறுக்கும் தாய் யாருமில்லை.

இப்போது கனமான ஓர் ஆட்சேபத்துக்கு வருகிறேன். புளோரைடு குழந்தைகளின் அறிவு வளர்ச்சியைக் குன்றச்செய்யும் என்று அமெரிக்க அரசாங்கத்தின் தேசிய நச்சியல் திட்டமே 2024-இல் அறிக்கை வெளியிட்டுவிட்டது என்கிறார்கள். அவ்வறிக்கை வெளிவந்தது உண்மை. அதை அலட்சியப்படுத்துவது பொறுப்பற்ற செயல் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அது என்ன சொல்கிறது? லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேற்பட்ட புளோரைடுள்ள தண்ணீரைக் குடிப்பதற்கு ஒப்பான அளவுக்கும் குழந்தைகளின் அறிவுத்திறன் குறைவுக்கும் தொடர்பு தென்படுகிறது என்று மிதமான நம்பிக்கையுடன் கூறுகிறது. அமெரிக்க நகரங்களில் கலக்கப்படும் 0.7 மில்லிகிராம் அளவைப் பற்றித் தீர்ப்புக் கூறப் போதிய தகவல் இல்லை என்றும் அதே மூச்சில் கூறுகிறது. அரிசி அளவுப் பற்பசையை அது குற்றஞ்சாட்டவில்லை. அந்த அறிக்கையை மெய்யாகவே மதிக்கிறவர்கள் செய்யவேண்டிய காரியம், புளோரைடு மிகுந்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கும் கிராமங்களுக்கு நல்ல தண்ணீர் வேண்டும் என்று கிளர்ச்சி செய்வதே. நகரத்தில் மாடிவீட்டில் சுத்திகரித்த நீரைக் குடித்துக்கொண்டிருக்கும் குழந்தையின் பற்பசையை மாற்றிவிட்டு ஒரு பெருங்கடமையை முடித்துவிட்டதாக எண்ணுவது அவ்வறிக்கைக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

சரி, தீங்கில்லை என்றே வைத்துக்கொள்வோம், அதனால் மட்டும் ஏன் கொடுக்கவேண்டும், புளோரைடு இல்லாத பசையாலும் பல் சுத்தமாகத்தானே ஆகிறது என்று கேட்பவர் உண்டு. பல் துலக்குவது அழுக்கை நீக்குவதற்கு மட்டும் என்று நினைப்பதால் எழும் கேள்வி இது. நாம் சர்க்கரையை உண்ணும்போதெல்லாம் பல்லின்மேல் படிந்த கிருமிகள் அதைப் புளிக்கச்செய்து அமிலமாக்குகின்றன. அந்த அமிலம் எனாமலிலிருந்து கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் கரைத்தெடுக்கிறது. சிறிது நேரம் கழித்து உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, இழந்த உப்புகளைப் பல்லுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. இந்தக் கரைதலும் படிதலும் வாழ்நாள் முழுவதும் நடக்கும் போராட்டம். அந்த நேரத்தில் உமிழ்நீரில் சிறிதளவு புளோரைடு இருந்தால் திரும்பப் படிவது விரைவாகிறது. அவ்வாறு படிந்த எனாமல் முன்னைவிட அமிலத்தை அதிகமாகத் தாங்குகிறது. இந்த வேலையைப் பிரஷின் மயிர்களோ, கிராம்போ, புதினாவோ செய்ய இயலாது. புளோரைடு பற்பசையைப் பயன்படுத்திய குழந்தைகளையும் பயன்படுத்தாத குழந்தைகளையும் ஒப்பிட்ட எழுபதுக்கு மேற்பட்ட பரிசோதனைகளைத் திரட்டி, காக்ரேன் ஆய்வுக்குழுவினர் 2003-இல் வெளியிட்ட முடிவின்படி, சொத்தை சராசரியாக 24 சதவீதம் குறைந்தது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் தன் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் புளோரைடு பற்பசையைச் சேர்த்தது. வெறும் அலங்காரப் பொருளுக்கு அந்த இடம் கிடைப்பதில்லை.

இந்தப் புளோரைடு பல்லின் மேற்பரப்பிலிருந்துகொண்டே வேலை செய்கிறது, வயிற்றுக்குள் போய் வேலை செய்யவேண்டிய அவசியம் இல்லை என்பதை மட்டும் இங்கே சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். வாயில் சற்று நேரம் இருந்தால் போதும், விழுங்கவேண்டியதில்லை. ஆகவே குறைந்த பசையில் நிறைந்த பயன் பெறுவது முரண்பாடான காரியமல்ல.

பால் பற்கள் எப்படியும் விழுந்துவிடப் போகின்றன, அவற்றுக்காக இவ்வளவு பாடு எதற்கு என்ற பேச்சைப் பெரியவர்கள் சொல்லக் கேட்கிறோம். முன்பற்கள் ஆறேழு வயதில் விழுவதைப் பார்த்துப் பேசுகிறார்கள். பால் கடைவாய்ப்பற்கள் பத்துப் பன்னிரண்டு வயதுவரை வாயில் இருந்தாகவேண்டியவை. அவை அகாலத்தில் சொத்தையாகிப் பிடுங்கப்பட்டால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து, பின்னால் வரவேண்டிய நிலையான பல்லின் வழியை அடைத்துவிடுகின்றன. வேரடியில் சீழ் கட்டினால் கீழே உருவாகிக்கொண்டிருக்கும் நிலையான பல்லின் எனாமலே பழுதாகலாம். புளோரைடால் எனாமல் கெடும் என்று அஞ்சிப் பற்பசையை விலக்கியவரின் குழந்தைக்கு, சொத்தையாலேயே எனாமல் கெட்டுப்போகும் விபரீதம் இது. வலியால் மெல்ல முடியாமல் சாப்பாட்டை ஒதுக்கி, தூக்கம் கெட்டு, எடை குறைந்து, வீங்கிய கன்னத்துடன் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் நிலையை வெண்கீற்று விழுந்த பல்லோடு தராசில் வைத்துப் பார்க்கும்படி தாய்மார்களைக் கேட்டுக்கொள்கிறேன். இருபதாண்டுகளுக்கு முன் நம் நாடு முழுவதும் நடந்த பல் நல ஆய்விலே ஐந்து வயதுக் குழந்தைகளில் பாதிப்பேருக்குச் சொத்தை இருப்பதாகக் கண்டார்கள்.

பாட்டியும் பாட்டனாரும் வேப்பங்குச்சியாலும் உப்பாலும் கரியாலும் துலக்கி எண்பது வயதிலும் கரும்பு கடித்தார்களே என்ற வாதத்திலும் எனக்குப் பூரண அனுதாபம் உண்டு. ஆனால் அவர்கள் எண்பது வயதில் கரும்பு கடித்ததற்கு, ஐந்து வயதில் நாள் முழுவதும் மிட்டாயும் பிஸ்கட்டும் சர்க்கரைப் பானமும் வாயில் இல்லாதிருந்ததே முக்கியமான காரணம். அக்காலத்துக் குழந்தை பால் புட்டியை வாயில் வைத்துக்கொண்டே உறங்கவில்லை. இக்காலத்துக் குழந்தை உறங்குகிறது. உறக்கத்தில் உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடும். சர்க்கரை கலந்த பால் மேல்வரிசை முன்பற்களைச் சூழ்ந்து இரவெல்லாம் தேங்கி நிற்கும். இரண்டு வயது நிறைவதற்குள் அந்தப் பற்கள் கறுத்துக் கரைந்து வேர்முனைகளாக நிற்பதைப் பார்க்காத பல் வைத்தியர் நம் ஊர்களில் இல்லை. பாட்டனாரின் குச்சியைத் திரும்பக் கொண்டுவர விரும்புகிறவர்கள் பாட்டனாரின் உணவையும் சேர்த்துக் கொண்டுவரட்டும். அதுவரையில், இக்கால உணவுக்கு இக்காலக் காப்பு வேண்டும்.

எதிர்க்கட்சியாரின் வாதத்தில் ஓரிடம் மட்டும் வலுவானது. தண்ணீரிலேயே புளோரைடு மிகுந்த ஊர்களில் பற்பசையிலும் ஏன் என்பதே அது. நம் நாட்டுத் தரநிர்ணயம் குடிநீருக்கு லிட்டருக்கு ஒரு மில்லிகிராமை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காதபோது ஒன்றரை வரை பொறுக்கலாம் என்றும் சொல்கிறது. அதற்கு மேற்பட்ட நீரைக் குடிக்கும் கிராமத்தில், துப்பத் தெரியாத குழந்தைக்குப் புளோரைடு பசையைத் தள்ளிப்போடும்படி ஒரு பல் வைத்தியர் சொன்னால் நான் அவரோடு வாதாடமாட்டேன். எல்லையைத் தண்ணீரே தாண்டிவிட்ட இடத்தில் சிறு துளியையும் கூட்டவேண்டாம் என்பது நியாயமே. ஆனால் அந்தக் கிராமத்தின் விதியைச் சென்னைக்கும் தஞ்சாவூருக்கும் கன்னியாகுமரிக்கும் பொது விதியாக்குவது எந்தத் தர்க்கம்? அந்தக் கிராமத்துக்குள்ளேயும் பற்பசையை மாற்றிவிட்டு ஓய்வது போதாது. லிட்டருக்கு மூன்று மில்லிகிராமுள்ள நீரைக் குடிக்கும் குழந்தைக்கு அரிசி அளவுப் பசையை நிறுத்தினால் நாளொன்றுக்கு மிச்சப்படுவது 0.2 மில்லிகிராம்; ஒரு லிட்டர் நீரை மாற்றினால் மிச்சப்படுவது அதைப்போல் பத்து மடங்குக்கு மேல். தண்ணீரைக் கொதிக்கவைத்தால் புளோரைடு போய்விடும் என்று நம்பிக்கொண்டிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: போகாது, நீர் சுண்டச்சுண்ட அது செறியத்தான் செய்யும். எதிர்ச் சவ்வூடு பரவல் கருவியோ, அலுமினா வடிகட்டியோ, காவிரி போன்ற மேற்பரப்பு நீரோதான் வழி. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுசெல்லும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் நடைமுறைக்கு வந்ததற்குக் காரணமே இதுதான். குழாயில் காவிரி வரும் நாளிலும் பழைய ஆழ்துளைக் கிணற்று நீரைச் சமையலுக்கு எடுக்கும் வழக்கத்தை அவ்வூர்த் தாய்மார்கள் விட்டொழிக்க வேண்டும்.

தேநீரையும் இங்கே குறிப்பிடாமல் விடுவதற்கில்லை. தேயிலைச் செடி மண்ணிலிருந்து புளோரைடை உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கும் இயல்புடையது. நம் வீடுகளில் மூன்று வயதுக் குழந்தைக்குக்கூட டம்ளர் நிறையத் தேநீர் கொடுக்கிறார்கள். பற்பசையைக் கண்டு நடுங்கும் வீட்டில் குழந்தையின் கையில் தேநீர் டம்ளர் இருப்பது, அச்சம் அறிவின் வழியாக வரவில்லை என்பதற்கு அடையாளம்.

குழந்தைகளுக்கென்றே தனியாகச் செய்த, புளோரைடு பாதியாகக் குறைக்கப்பட்ட பசைகளை நடுவழியாகக் கொள்ளலாமே என்பவர்களுக்கும் பதில் சொல்லவேண்டும். பத்து லட்சத்தில் ஐந்நூறு பங்குள்ள பசை சொத்தையைத் தடுக்கிறது என்பதற்குள்ள சான்று, ஆயிரம் பங்குள்ள பசைக்கு இருப்பதைப்போல் உறுதியானதல்ல. அதனினும் பெரிய குறை ஒன்றுண்டு: அவை ஸ்டிராபெரி வாசனையும் மாம்பழச் சுவையும் ஊட்டப்பட்டு, குழந்தை சப்பிச் சப்பி விழுங்கும்படியே செய்யப்படுகின்றன. பெற்றோரும் இது குழந்தைப் பசைதானே என்று தாராளமாகப் பிதுக்குகிறார்கள். பாதிச் செறிவுள்ள பசையை ஐந்து மடங்கு வைத்தால் உள்ளே போவது இரண்டரை மடங்கு. அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் 2014-இல் வகுத்த முறை இதற்கு நேர்மாறானது: செறிவைக் குறைக்காதே, அளவைக் குறை, முதற்பல் முளைத்த நாள் முதல் மூன்று வயது வரை அரிசி அளவு, மூன்று முதல் ஆறு வரை பட்டாணி அளவு என்று அவர்கள் சொன்னார்கள். இதைவிட எளிய விதி இவ்விஷயத்தில் இருக்கமுடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்த விதி வீட்டில் நிலைக்கவேண்டுமானால் பசையைப் பிதுக்கும் கை குழந்தையின் கையாக இருக்கலாகாது. ஆறேழு வயது வரையில் தாயோ தந்தையோ பிரஷில் பசையை வைத்து, குழந்தையை மடியில் சாய்த்துக்கொண்டு தாங்களே துலக்கிவிட வேண்டும். எஞ்சிய நுரையைச் சுத்தமான துணியால் துடைத்தெடுத்துவிட்டால் விழுங்குவதற்கே அதிகம் இராது. துப்பக் கற்ற குழந்தை துப்பிய பிறகு தம்ளர் தம்ளராக நீர் விட்டுக் கொப்பளிக்கவேண்டிய அவசியமில்லை. அது பல்லில் தங்கவேண்டிய சிறு புளோரைடையும் கழுவிக்கொண்டு போய்விடும். இரவில் துலக்கியபின் தண்ணீரைத் தவிர வேறெதுவும் வாய்க்குள் போகலாகாது. அவசரமாக அலுவலகத்துக்கு ஓடும் பெற்றோருக்கு இது சுமையாகத் தோன்றலாம். பற்பசையின் பெயரை மாற்றுவது இதைவிடச் சுலபம். அந்தச் சுலபமே அந்த அபிப்பிராயம் இவ்வளவு விரைவாகப் பரவியதற்கு ஒரு காரணம் என்று நான் ஐயுறுகிறேன்.

நம் நாட்டுச் சட்டம் பற்பசையில் புளோரைடு பத்து லட்சத்தில் ஆயிரம் பங்குக்கு மேல் இருக்கலாகாது என்று வரம்பு கட்டியிருக்கிறது. அந்த அளவையும் காலாவதித் தேதியையும் குழாயின்மேலும் பெட்டியின்மேலும் அச்சிடவேண்டும் என்றும் விதித்திருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் அச்சிட்ட அந்த எண் ஒரு தாய்க்கு எதைச் சொல்லும்? சட்டம் செய்கிறவர்களிடமும் பற்பசை செய்கிறவர்களிடமும் நான் வேண்டுவது இதுவே: ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இவ்வளவு, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இவ்வளவு என்று உண்மையான அளவில் இரண்டு படங்களை அச்சிடுங்கள், அவற்றின் கீழே தமிழ்நாட்டில் தமிழிலும் மற்ற மாநிலங்களில் அந்தந்த மொழிகளிலும் ஒரு வரி எழுதுங்கள், பிரஷ் முழுவதும் பசையை நிரப்பிக் காட்டும் விளம்பரப் படங்களைக் குழந்தைகளின் பற்பசைக்கு உடனே நிறுத்துங்கள்.